ஒரே ஒரு முறை கேட்ட தாள்

ஹால்வெர் ஊர்ப் பெண்களைப்போல 'வேண்டாம்' சொல்லத் தெரிந்தவர்கள் பூமியில் வேறெங்கும் கிடையாது. வீடு பற்றியெரிந்து தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றாலும், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாம் முறை கேட்டால்தான் தண்ணீர் அடிக்க விடுவார்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அப்படி அனுப்பியவள் ஒருத்திதான். எரிந்ததும் ஒரு கைப்பிடித் துணிதான். ஆனால் காபியோ, கேக்கோ, ஒரு கை உதவியோ, ஹால்வெர் இருக்கும் வடக்கு மின்னசோட்டாவில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாம் முறையும் கேட்டால், "இவ்வளவு தூரம் சொல்றீங்க" என்று வாங்கிக்கொள்ளலாம்.

ஆர்டிஸ் ஹௌகனுக்கு எழுபத்து நான்கு வயது. அவள் கணவன் வெர்லின் ஆறடி மூன்றங்குலம். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக அவனை எழுப்பி, துடைத்து, கழிப்பறைக்கும் நாற்காலிக்குமாக இழுத்துப்போவது அவள்தான். பேச்சும் போய்விட்டது, நல்ல நாளில் ஒன்றிரண்டு சொல் வரும். எல்லோரும் அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசப் பழகிவிட்டார்கள். அவனுடைய தங்கை லவோன் சனிக்கிழமைதோறும் அறுபது மைல் வண்டியோட்டி வருவாள். "கூடமாட இருக்கட்டுமா அண்ணி?" என்று சரியாக இரண்டு முறை கேட்பாள். மூன்றாம் முறை கேட்கமாட்டாள். ஊர் வழக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் மாதம் டாக்டர் ஒரு வழி சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் வேன் வந்து வெர்லினைப் பகல் காப்பகத்துக்குக் கூட்டிப்போகும், செலவு இன்சூரன்ஸுடையது. ஆனால் ஆர்டிஸால் இனி முடியவில்லை என்று காகிதத்தில் தெரிய வேண்டும். இரண்டு முழுப் பகல்! வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரங்கட்டி, அந்த இரண்டு நாளிலும் தூங்கப்போவதை நினைத்து அவள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது நர்ஸ் டானெட் ஒரு தாளை நீட்டினாள்.

"இது அவருக்கு இல்ல, உங்களுக்கு. பன்னெண்டு கேள்வி. இல்லவே இல்லைன்னா பூஜ்யம், எப்பவுமேன்னா நாலு. மொத்தம் இருபது வந்துட்டா வேன் வந்துடும். உண்மையா எழுதுங்க ஆர்டிஸம்மா."

'இவரைக் கவனிப்பதால் உங்கள் உடல்நலம் கெட்டிருக்கிறதா?' ஆர்டிஸின் இடுப்பு அப்போது சுரீரென்றது. பக்கத்தில் வெர்லின் வாயோரம் எச்சில் வழிய அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பூஜ்யம் போட்டாள். 'போதிய தூக்கம் இல்லையா?' பூஜ்யம். பன்னிரண்டும் பூஜ்யம், எல்லாம் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில், அழகாக, வட்டமாக. முதல் தடவைதானே கேட்கிறார்கள்.

டானெட் தாளைப் பார்த்தாள், ஆர்டிஸைப் பார்த்தாள். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள்.

"பரவாயில்லயே, கெட்டிக்காரிதான் நீங்க!" என்று சொல்லி எண்களைக் கணினியில் தட்டினாள்.

தாள் இரண்டாம் முறை கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டு உறைகள் வந்தன. முதலாவதில், 'பராமரிப்பவருக்குச் சுமை எதுவும் இல்லை, காப்பகம் தேவையில்லை.' இரண்டாவதில் அந்தத் தாளுக்கான பில், வெர்லின் பெயரில். மருத்துவமனை நாற்பத்தொரு டாலர் கேட்டிருந்தது. இன்சூரன்ஸ் மூன்று டாலருக்குத்தான் ஒப்புக்கொண்டது. அதிலும் இரண்டு டாலர் நாற்பது சென்ட்டை அது கட்டிவிட்டு, அறுபது சென்ட்டை வெர்லின் தலையில் போட்டிருந்தது. உறைமேல் ஒட்டிய தபால்தலை அதைவிட விலை அதிகம்.

ஆர்டிஸ் இன்சூரன்ஸுக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், எல்லாம் பூஜ்யம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"எழுதினேம்மா. மறுபடி ஒரு தடவை கேப்பாங்கன்னு நெனச்சேன்."

"எதுக்கு மேடம் மறுபடி கேக்கணும்?"

பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"ஒண்ணும் வேணாம்மா."

"சரிங்க மேடம், வச்சிடறேன்."

வைத்தேவிட்டாள்.

மே மாதம், கழிப்பறையிலிருந்து வெர்லினைத் தூக்கும்போது ஆர்டிஸின் இடுப்பு எலும்பு முறிந்தது. அவன் அவள்மேலேயே விழுந்தான். சனிக்கிழமை மதியம் லவோன் கையில் கோழிக்கறிப் பாத்திரத்தோடு கதவைத் திறந்தபோது இருவரும் அப்படியே தரையில் கிடந்தார்கள்.

இரண்டு டாலர் நாற்பது கொடுத்து, காப்பகச் செலவு மிச்சம் என்று ஃபைலை மூடிய இன்சூரன்ஸுக்கு அந்த இடுப்பு எழுபத்தாறாயிரம் டாலரில் போய் நின்றது. வெர்லினைச் சேர்த்த முதியோர் இல்லத்துக்கு இன்சூரன்ஸ் ஒரு காசும் தரவில்லை; அந்தச் செலவை வீட்டை விற்றுக் குடும்பமே கட்டியது. ஆனால் அதெல்லாம் பின்னால்.

அன்றைக்கு அவசரப் பிரிவில் ஆர்டிஸ் கட்டிலில் படுத்திருந்தாள், உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. லவோன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எப்பம்மா விழுந்தீங்க?"

"இப்பத்தான். இவ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"வலி எப்படி?"

"அவ்வளவு மோசமில்ல."

"எங்க அண்ணி வாயத் திறந்து ஒண்ணும் கேக்கவே மாட்டாங்க," என்றாள் லவோன், பெருமையாக.

நர்ஸ் தட்டச்சு செய்தாள்.

"இருட்டிச்சு," என்றது ஒரு குரல்.

மூவரும் திரும்பினார்கள். வெர்லின் யாரையும் பார்க்காமல், ஒவ்வொரு சொல்லாகப் பிடித்திழுத்தான்.

"இருட்டிச்சு. அப்புறம் விடிஞ்சுது. ராத்திரி பூரா இவ கத்தினா."