ஒற்றைப் புள்ளிக்கு ஒரு பிலிம்

என் மனைவிக்கு எங்கள் தெருவில் 'கழுகு' என்று பெயர். வைத்தது நான்தான். அது அவளுக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

எங்களுடையது சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் கடை. அச்சடிப்பது நான், அதற்கு வேண்டிய பாசிட்டிவ் பிலிமைத் தயார் செய்வது அவள். கண்ணாடிபோல் தெளிந்த பிலிமில் படத்தைக் கறுப்பாக எடுப்பாள். மருந்து பூசிய ஸ்கிரீனில் அதை ஒட்டி விளக்கைப் போட்டுக் கழுவினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் கரைந்து திறக்கும். மை அந்த வழியாகத்தான் துணியில் இறங்கும். அதனால் பிலிமில் ஒரு தூசி இருந்தாலும் துணியில் புள்ளியாக வந்து உட்கார்ந்துவிடும். கறுப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் அங்கே மை விழாது. ஓட்டைகளை அவள் மெல்லிய பிரஷ்ஷால் அடைப்பாள், வேண்டாத புள்ளிகளை பிளேடு நுனியால் சுரண்டுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்றால் என்னவென்று அப்போது தெரியும். எனக்குத் தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்த்தான் தும்ம வேண்டும்.

முகங்கள் வந்தால் பிலிமைத் தலைகீழாகப் போட்டுக்கொள்வாள். "மூஞ்சிய மூஞ்சியா பாத்தா புள்ளி தெரியாதுங்க. மூக்கையும் முழியையும் ரசிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்" என்பாள். இத்தனை வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு கறை படிந்த படம் வெளியே போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, எனக்கு அதைவிட அதிகம்.

பின் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குப் போன வருடம் அம்மா இறந்துபோனார். அந்த அம்மாவின் பருத்தி உடுப்புகளையெல்லாம் வெட்டி, இருபத்திரண்டு பைகள் தைத்து எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தங்கைகள், பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுகூடுகிறார்களாம். ஆளுக்கொரு பை, அதில் அம்மாவின் முகம். போட்டோவைப் போனில் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தையல்காரி வந்தபோது இருபத்திரண்டு பைகளும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு சுத்தமான படம். முதல் பையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா மாதிரிதான் இருக்கு" என்றாள்.

அந்த 'மாதிரி'யிலேயே என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

"மச்சம் எங்கக்கா?" என்று கேட்டாள் தையல்காரி. "கன்னத்துல ஒரு மச்சம் இருக்கும். சின்ன வயசுல எங்களுக்குப் பசிச்சா மடியில ஏறி அதை அழுத்துவோம். அம்மா 'டிங்'னு சொல்லிட்டு எழுந்து போய் சாப்பாடு எடுத்துட்டு வருவாங்க."

என் மனைவி போனை எடுத்துப் போட்டோவைப் பார்த்தாள். வலது கன்னத்தில் மச்சம் இருந்தது. பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த இடத்தில் பிளேடு போன கீறல் மட்டும் இருந்தது.

"பரவாயில்லம்மா, அவ்வளவு உத்து யாரு பாக்கப்போறாங்க" என்று நான் சமாதானம் சொன்னேன். இரண்டு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கொடியில் தொங்கிய பைகள் பக்கம் திரும்பிக்கொண்டேன். அச்சடித்தது நான்தானே, இருபத்திரண்டு தடவையும் எனக்கும் கண் இருந்தது.

வேறு பைகளில் அடிக்கலாம் என்றால் வேறு துணி இல்லை. அந்த அம்மாவின் உடுப்பு அவ்வளவுதான். "நாளைக்கு வாம்மா" என்று மட்டும் சொல்லி என் மனைவி அவளை அனுப்பினாள். அன்று இரவு தட்டைப் போட்டுக் கூப்பிட்டேன், வரவில்லை.

"பிரஷ்ஷால ஒவ்வொண்ணுலயும் ஒரு புள்ளி வச்சிரலாமே" என்றேன் சனிக்கிழமை காலையில்.

"கையில வச்சா ஒண்ணொண்ணுலயும் ஒவ்வொரு இடத்துல, ஒவ்வொரு அளவுல நிக்கும். அந்தம்மாவுக்கு ஒரே இடத்துலதான இருந்துச்சு?"

பழைய பிலிமை மேஜையில் நேராகவே போட்டாள். தலைகீழாக இல்லை. அதன்மேல் ஒரு வெற்றுப் பிலிமை ஒட்டி, போட்டோவைப் பார்த்துக் கண்ணோரத்திலிருந்தும் உதட்டோரத்திலிருந்தும் அளந்து, பிரஷ்ஷால் ஒரே ஒரு புள்ளி வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"பொத்தான் மாதிரி இருக்கு" என்று துடைத்தாள். அடுத்த இரண்டையும் துடைத்தாள். நான்காவது புள்ளி ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. அதுதான் மச்சம். அதற்கு ஒரு முழு ஸ்கிரீன். மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பது என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது, ஆனால் நான் சொல்லவில்லை.

பழைய பிலிமை மேஜை விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் டேப் போட்டு ஒட்டினோம். அதன் அடியில் அவள் பையை நகர்த்தி நகர்த்தி முகத்தோடு முகம் பொருத்துவாள். பொருந்தியதும் பிலிமை மடக்கிவிடுவாள், நான் ஸ்கிரீனை இறக்கி மையை ஒரு இழுப்பு இழுப்பேன். இருபத்திரண்டு தடவையும் அவள் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. பயந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான். அவள்மேல் எனக்கு இருக்கும் பிரியத்தையெல்லாம் அந்த இருபத்திரண்டு இழுப்பிலும் போட்டேன்.

மாலையில் தையல்காரி வந்தாள். பையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் அந்த மச்சத்தை மெல்ல அழுத்தினாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

என் மனைவி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"உக்காரு, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்றாள். "நானும் நேத்துலேருந்து சாப்பிடல."