கட்டைக்கு முக்காடு

மினாசிப்பா கணவனோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியது மொத்தம் ஐந்து முறை. எங்கள் பிளாட்டேயாவில் இதைப்பற்றி இரண்டு கருத்து கிடையாது. ஊர் எல்லையில் நடந்த போரில் எத்தனை பாரசீகர்கள் செத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். மினாசிப்பா எத்தனை முறை போனாள் என்று கேட்டால் எல்லோரும் ஐந்து என்பார்கள்.

அவள் பிறந்தது ஆடு மேய்க்கும் குடும்பம். அசோப்போஸ் ஆற்றங்கரையில் பட்டி. பதினாறு வயதில் எம்பெடோனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வண்டி செய்கிறவன், அவளைவிட எட்டு வயது மூத்தவன், ஒரு கேள்வி கேட்டால் கையில் இருக்கும் ஆணியை அடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். மினாசிப்பாவுக்குக் கம்பளி நூற்பதில் கை வேகம், அதைவிட வாய் வேகம். ஒரே மகள், தெஸ்பியாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். குறை சொல்ல எதுவும் இல்லாத குடும்பம். ஆனால் சிலருக்கு வசந்தம் வந்தால் தும்மல் வருவதுபோல மினாசிப்பாவுக்குச் சந்தேகம் வரும்.

முதல் தடவை, குழல் வாசிக்கிற பெண்களின் வண்டிக்கு நுகத்தடி மாற்றிக்கொடுக்க எம்பெடோன் ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டான் என்று போனாள். இரண்டாம் தடவை, பாலாடைக்கட்டி விற்கிறவள் அவனுக்குப் பெரிய துண்டாக வெட்டிக்கொடுத்தாள் என்று. மூன்றாம் தடவை அவன் தூக்கத்தில் ஒரு பெயரைச் சொன்னான். அது அவனுடைய கோவேறு கழுதையின் பெயர் என்று தெருவே சாட்சி சொன்னது.

"கழுதைக்கு யாரு பேர வெச்சிருக்கான்னு கேளுங்க" என்றாள் மினாசிப்பா.

நான்காம் தடவைக்கான காரணம் கொஞ்சம் சிக்கலானது. அதற்கு ஹீரா தேவி கோபித்துக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும்.

தேவி ஒருமுறை புருஷன் ஸீயஸோடு சண்டை போட்டுக்கொண்டு மலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். காரணம் சொல்லத் தேவையில்லை. பெண்கள் விஷயத்தில் ஸீயஸைப்பற்றி எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், அவள் அசையவில்லை. எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் அவருக்கு ஒரு யோசனை சொன்னான். ஒரு மரக்கட்டைக்குக் கல்யாண உடை உடுத்தி, முக்காடு போட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி, வேறு கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் செய்தி பரப்பினார்கள். தேவி மலையிலிருந்து ஓடிவந்தாள். முக்காட்டைப் பிடித்துக் கிழித்தாள். உள்ளே கட்டை. சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டாள். ஆனால் அந்தக் கட்டையைக் கொளுத்திய பிறகுதான் வீட்டுக்குப் போனாள். கட்டைதான் என்றாலும் முக்காடு போட்டிருந்தது அல்லவா.

சில வருடங்களுக்கு ஒருமுறை ஊர் கூடி தேவிக்காக இதைத் திருவிழாவாகச் செய்கிறோம். வேகவைத்த இறைச்சியை ஓக் காட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். அதைக் கொத்திக்கொண்டு போகும் காக்கை எந்த மரத்தில் உட்காருகிறதோ அந்த மரம்தான் மணப்பெண். மற்ற நாட்களில் எங்கள் ஆண்கள் இதையே தங்கள் மனைவிகளுக்குச் செய்கிறார்கள். ஓக் தேவிக்கு உரியது என்பதால் விறகுக் கட்டை எதுவானாலும் போதும். மனைவி போய் இருக்கும் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும். அவள் வெளியே வந்து முக்காட்டை இழுக்க வேண்டும். பிறகு ஊர் கேட்கச் சிரிக்க வேண்டும். சிரித்தால் சமாதானம். சிரிக்காவிட்டால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. ஒருத்திக்குச் சிரிப்பு வராமல் போய் அவளுடைய அண்ணி இடுப்பில் கிள்ளினாள்.

எம்பெடோன் மர வேலைக்காரன். அதனால் மூன்றாம் முறை கட்டைக்கு ஒரு மூக்கும் செதுக்கி வைத்தான். மினாசிப்பா முக்காட்டை இழுத்தாள், சிரித்தாள், வண்டியில் ஏறினாள். வழக்கப்படி கட்டையை அடுப்பில் போட்டாள். ஒரு மாதம் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த மூக்கு யாரப் பாத்துச் செதுக்கினது?"

எம்பெடோன் ஆணியை அடித்து முடித்தான். "யாரப் பாத்தும் இல்ல. மூக்குன்னா மூக்கு."

"என் மூக்கு அப்படி இல்லையே."

இதுதான் நான்காம் தடவை. கூட்டிவர எம்பெடோன் மூக்கில்லாத கட்டையோடு வந்தான்.

ஐந்தாம் தடவைக்குப் புத்திலா காரணம். புத்திலா விதவை, திராட்சைத் தோட்டம் வைத்திருந்தாள், அவளுடைய வண்டிச் சக்கரம் ஒரே மாதத்தில் மூன்று முறை பட்டறைக்கு வந்தது.

"ஒரு சக்கரம் மாசத்துல மூணு தடவ ஒடையுமாய்யா?"

"பாதை அப்படி."

"பாதை எல்லாருக்கும் அதேதான். அவ சக்கரம் மட்டும் ஏன் ஒடையுது?"

"பழைய சக்கரம்."

"அவளும்தான் பழசு. அவளையும் ரெண்டு தட்டுத் தட்டிச் சரிபண்ணி அனுப்பிட்டியா?"

எம்பெடோன் அடுத்த ஆணியை எடுத்தான். அவன் அதை அடித்து முடிப்பதற்குள் மினாசிப்பா தறி நூல்களை இழுத்துப்பிடிக்கும் மண்குண்டுகளையெல்லாம் கூடையில் போட்டுக்கொண்டாள். அவை இல்லாவிட்டால் அந்த வீட்டில் யாரும் நெய்ய முடியாது. யாரும் என்றால் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுடைய அண்ணன் சாமிக்கோஸின் வீடு தீப்ஸுக்குப் போகும் சாலையில் கடைசி வீடு. அண்ணி தாமோ அவளைப் பார்த்ததும் கூடையை வாங்கி வழக்கமான மூலையில் வைத்தாள். எம்பெடோன் எப்போதும் நான்காம் நாள் வருவான், அதிகம் போனால் ஆறாம் நாள். மினாசிப்பா நான்காம் நாள் காலையில் தலை வாரிக்கொண்டாள். ஆறாம் நாளும் வாரிக்கொண்டாள்.

பத்தாம் நாள் தாமோ, "சீப்பு தேயுது நாத்தனாரே" என்றாள்.

"என் சீப்பு."

"சீப்பு ஒன்னுதுதான். எண்ணெய் எங்களுது."

பதினைந்தாம் நாள் சாமிக்கோஸ் ஆடுகளை அடைத்துவிட்டு வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு நடை நீயே போயிட்டு வந்தா என்ன?"

"தேவிக்கே வண்டி வந்துச்சு அண்ணே."

"தேவிக்குப் புருஷன் ஸீயஸ். அவருக்கு வேற வேலை இல்ல. இவன் அறுவடைக்குள்ள ஒம்போது வண்டி முடிக்கணும்."

"நாலு தடவ வந்தவனுக்கு இப்ப மட்டும் என்ன?"

"நாலு தடவ வந்துட்டான். அதான்."

வண்டி வராவிட்டால் என்ன செய்வது என்பது வழக்கத்தில் இல்லை. தேவியின் கதையிலும் இல்லை. அவளுக்கு நாற்பது வயது. வண்டி வரவில்லை என்றால் தாமோவின் கம்பளியை நூற்றுக்கொண்டு, தாமோவின் எண்ணெய்க்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு இங்கேயே கிடக்க வேண்டியதுதான். தானாகவே திரும்பிப் போனால் புத்திலாவின் சக்கரம் நியாயமாகத்தான் உடைந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டுமே அவளால் முடியாது. அதனால் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருபத்துமூன்றாம் நாள் பிற்பகல் ஒரு கல்யாண வண்டி வந்தது. மெகாராவிலிருந்து பெண்ணை அழைத்துக்கொண்டு தீப்ஸுக்குப் போகிறவர்கள். மலைப் பாதையில் இறங்கும்போதே ஆட்டம் கண்டிருந்த சக்கரத்தின் கடையாணி சாமிக்கோஸின் வீட்டுக்கு எதிரே விழுந்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே முக்காடு போட்ட பெண், பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் கோவேறு கழுதைகளில் மாப்பிள்ளையின் அப்பாவும் சொந்தக்காரர்களும். பெண்ணைத் தவிர எல்லோரும் இறங்கி நிழல் தேடிப் போனார்கள். மாப்பிள்ளை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான். யாரோ ஓடிப்போய் எம்பெடோனை அழைத்துவந்தார்கள்.

மினாசிப்பா அப்போது கொல்லையில் கம்பளி அலசிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு முன்பக்கம் வந்து கதவிடுக்கில் பார்த்தாள். வாசலில் மாட்டு வண்டி. வண்டியில் காவி நிற முக்காட்டோடு அசையாத ஓர் உருவம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறான் எம்பெடோன், கையில் மரச்சுத்தி. ஊர்ப் பெண்கள் ஏற்கெனவே கூடிவிட்டார்கள்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். முடியைத் தொட்டுப் பார்த்தாள். இருபத்துமூன்று நாள் காக்கவைத்தவனை நூறு எண்ணும்வரை காக்கவைக்க வேண்டும் என்று நினைத்தாள். இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

"இந்தத் தடவ மூக்கு உண்டா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள். எம்பெடோன் அப்போதுதான் வண்டிக்கு அடியில் புகுந்திருந்தான். தாமோ, "நாத்தனாரே, நில்லு" என்றாள். மினாசிப்பா சக்கரத்தில் கால் வைத்து ஏறி முக்காட்டை ஒரே இழுப்பில் இழுத்து, தெருமுனை வரை கேட்கும்படி சிரித்தாள்.

பதினைந்து வயதுப் பெண். கண்ணில் மை. வாயில் பாதி மென்ற அத்திப்பழம்.

சிரிப்பு நிற்கச் சற்று நேரம் ஆயிற்று. வேகமாகப் போகும் வண்டி உடனே நிற்காது.

முக்காட்டை எடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. விருந்தில், சொந்தங்கள் முன்னால், பரிசு கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும். அதை நடுத்தெருவில் முன்பின் தெரியாத ஒருத்தி எடுத்துவிட்டாள். எடுத்தது மட்டுமல்ல, முகத்தைப் பார்த்துச் சிரித்தும் விட்டாள். பெண் அத்திப்பழத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை தண்ணீர் வாளியோடு நின்றபடி பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் தெரிந்ததாக யாரும் சொல்லவில்லை. தீப்ஸ்காரரான அவனுடைய அப்பா நிழலிலிருந்து எழுந்து வந்தார்.

"என் மருமக மூஞ்சியப் பாத்தா சிரிக்கிற?"

"கட்டைன்னு நெனச்சேன்" என்றாள் மினாசிப்பா.

"எது கட்டை?"

எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் தேவியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் காக்கையிலிருந்து ஆரம்பித்தார். இன்னொருவர் பாரசீகர்களிலிருந்து. தீப்ஸ்காரர் கையை உயர்த்தினார்.

"உங்க ஊர்ல கட்டையக் கட்டிக்குவீங்களோ கல்லக் கட்டிக்குவீங்களோ, எனக்குத் தெரியாது. முகம் பாத்தவ பரிசு தரணும், அவளோட ஆம்பள வந்து மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா பொண்ண மெகாராவுக்கே திருப்பிடுவேன். யாரு இவளுக்கு ஆம்பள?"

மினாசிப்பா அண்ணனைப் பார்த்தாள். சாமிக்கோஸ் தரையைப் பார்த்தான். "புருஷன் இருக்கான்" என்றான் மெல்ல.

"எங்க?"

எல்லோரும் வண்டிக்கு அடியில் பார்த்தார்கள். இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. சுத்திச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, இவ உன் பொண்டாட்டியா?"

சத்தம் நிற்கவில்லை. மினாசிப்பா முக்காட்டைக் கையில் பிடித்தபடி வண்டிமேலேயே நின்றிருந்தாள். அவன் ஆமாம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. இருபத்துமூன்று நாளாக அவள் அவன் வீட்டில் இல்லை. 'அண்ணன் வீட்டுல இருக்கா, அண்ணனக் கேளுங்க' என்று சொல்லிவிட்டுப் போனால் கேட்பாரில்லை. ஒவ்வொரு அடியும் அவள் நின்ற பலகையில் அதிர்ந்தது.

கடைசியில் அவன் வெளியே வந்தான். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"ஆமா" என்றான். "என் பொண்டாட்டிதான். மன்னிச்சுக்குங்க."

பிறகு மினாசிப்பாவிடம் திரும்பி, வெளியூர்க்காரர்கள் நிற்பதை மறந்துவிட்டவன்போலக் கேட்டான்.

"நான் ஏன் வரலைன்னு நெனச்ச?"

"புத்திலா."

"புத்திலா தோட்டத்த வித்துட்டுத் தானாக்ராவுக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டா. அதுக்குத்தான் வண்டியச் சரிபண்ணினா. ஊருக்கே தெரியும்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்லிட்டா நீ வீட்டுக்குப் போயிடுவியே" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "எங்களுக்கு வண்டி பாக்கக் கெடைக்காதே."

எம்பெடோன் அதைக் கவனிக்கவில்லை. "நாலு தடவ நான் வந்தேன். ஒரு தடவ நீயா வர்றியான்னு பாத்தேன். அவ்வளவுதான்."

மினாசிப்பாவுக்கு வாய் இருந்தும் வார்த்தை வரவில்லை. எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அவள் வண்டியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கண்மையைத் தன் முந்தியால் துடைத்தாள். "முழுங்கும்மா, மூச்சடைக்கப் போவுது" என்றாள். முக்காட்டை உதறி மறுபடி போட்டுவிட்டாள். கீழே இறங்கினாள்.

"பரிசு வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வர்றேன்" என்றாள் தீப்ஸ்காரரிடம்.

"எந்த வீட்டுல?" என்றாள் தாமோ.

மினாசிப்பா திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு சந்தைத் தெரு வழியாக, குளத்தங்கரை வழியாக, ஊர் முழுவதையும் கடந்து எம்பெடோனின் வீட்டுக்குப் போனாள். அவளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. பெட்டியைத் திறந்து, அவளுடைய முக்காட்டை எடுத்த அன்று எம்பெடோன் கொடுத்த வெண்கலக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தாள். அதை அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். நல்ல கண்ணாடி. "சரி" என்றார். கடையாணியும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து, முக்காட்டையே பார்த்துக்கொண்டு போனான்.

தாமோ கூடையைக் கொண்டுவந்து எம்பெடோன் கையில் கொடுத்தாள். மண்குண்டுகள் கனத்தன. அவன் முன்னால் நடந்தான். மினாசிப்பா பத்தடி பின்னால் போனாள். பிறகு ஐந்தடி.

"அந்தப் பொண்ணு அழகா இருந்தாளா?" என்று கேட்டாள்.

"பாக்கலையே. சக்கரத்துக்கு அடியில இருந்தேன்."

"வெளிய வந்தப்புறம்?"

அவன் கையில் ஆணி இல்லை. ஆனாலும் நான்கு அடி நடந்த பிறகுதான் பதில் சொன்னான்.

"உன்னத்தான் பாத்துட்டிருந்தேன். அடுத்தது என்ன பண்ணப் போறியோன்னு."

மினாசிப்பா அதைக் குளத்தங்கரை வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப அழகாத்தான் இருந்திருக்கா" என்றாள்.