பீடத்தில் வைத்த லேப்டாப்

ஒருவருக்கு வேண்டியதை இன்னொருவரிடம் கேட்டு வாங்கி, வழியில் எதுவும் குறுக்கிடாமல் அவர் கையில் சேர்த்துவிட முடியுமா? பாளையங்கோட்டை நேசையாவின் வாழ்க்கையைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்விதான் மிஞ்சும். குறுக்கே கடவுளே வந்து நின்றுவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

நேசையா எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தன் கடைசி மாதங்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலைக்கு மேல் சுற்றும் விசிறியைப் பார்த்தே கழித்தார். அதற்குப் பிறகுதான், நெடுநாள் படுத்துக் கிடப்பவர்களுக்காகப் பழைய கம்ப்யூட்டர் கேட்டு நேசையா வீடு வீடாக ஏறத் தொடங்கினார். கொடுத்தவர்கள் உண்டு, பெரும்பாலும் கழித்துப்போட வேண்டியதைத்தான் கொடுத்தார்கள். திரை உடைந்தது, எறும்பு புகுந்தது, சரஸ்வதி பூஜைச் சந்தனம் காய்ந்து எழுத்து அமுங்காதது. ஓடாதவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அவரே சுமந்தார். இதைத் தொண்டு என்று யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விஜயஸ்ரீ பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்குப் பார்த்தவள். வேன் மோதி இடுப்பெலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, புண் ஆறாமல் மாதக்கணக்கில் கிடந்தாள். பட்டறை முதலாளி மகேஸ்வரன் பார்க்க வந்தார்.

"இங்கன படுத்துக்கிட்டே கணக்கைப் போட்டிரேம்மா. கார்த்திகை பொறக்கிற வரைக்கும் பாப்பேன். பெறகு வேற ஆள் போடாம முடியாது."

அவளுடைய போனில் அந்தக் கணக்கு ஓடாது. கம்ப்யூட்டர் வேண்டும். வார்டு நர்ஸ் எப்சி நேசையாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

"இந்த வேலையும் போயிட்டுன்னா, எந்திரிச்சு நடந்துதான் நான் எங்கன போகப் போறேன் ஐயா?" என்றாள் விஜயஸ்ரீ.

நேசையா தன் சபைக் கோயிலில் விசாரித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஜெபகனி, தன் மகன் விட்டுப்போன லேப்டாப் நன்றாகவே ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார்.

அந்த ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை. விளைந்ததையும் வளர்த்ததையும் பீடத்தின் முன் படைத்து, ஜெபித்து, ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் விடுவார்கள், பணம் சபைக்கு. நேசையா உள்ளே நுழைந்தபோது பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் லேப்டாப் இருந்தது. அதன்மேல் ஒரு செவ்வந்திப்பூ.

"டீச்சர், என்கிட்டல்லா தாரேன்னு சொன்னீங்க?"

"ஆண்டவருக்குக் காட்டாம நேரா உங்ககிட்ட கொடுக்க மனசு வரல்ல அண்ணாச்சி. அவருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுத்த மாதிரிதானே."

ஆராதனை நடத்திய சபை ஐயர் கையை விரித்தார். "ஜெபம் பண்ணியாச்சே நேசையா. இனி ஏலத்துலதான் எடுக்கணும். நீரே கேளும். உம்மகூட யாரு போட்டிக்கு வரப் போறா?"

ஹெப்ரான் வந்தார். சிமெண்ட் கடைக்காரர். வருஷா வருஷம் ஏலத்தில் உசந்த பொருளைத் தன் தகப்பனார் பேரில் எடுக்கிறவர்.

"ஆஸ்பத்திரில கெடக்க ஒரு பிள்ளைக்கு இது" என்று நேசையா உரக்கச் சொன்னார்.

"நோயாளியைச் சொல்லி ஆண்டவர் காணிக்கையைக் கொறைக்கப் பாக்கீரா வே?" என்றார் ஹெப்ரான்.

கூட்டம் சிரித்தது. "விடாதேயும் நேசையா, பென்சன் வந்துட்டுல்லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தப் பென்சன் வரைக்கும் நேசையா கேட்டார். அதற்கு மேல் கேட்டு ஹெப்ரான் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஹெப்ரான் வீட்டுக்குப் போய், கொஞ்ச நாளைக்கு இரவலாகவாவது கேட்டார். லேப்டாப் வெள்ளைத்துணி போர்த்தி அலமாரியில் இருந்தது.

"ஏலத்துல எடுத்ததை வெளிய விட்டா ஆசீர்வாதம் போயிரும்னு வீட்டுல சொல்லுதா. நான் என்ன செய்ய?" என்றார் ஹெப்ரான். அவர் குரலில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் நேசையா சண்டையாவது போட்டிருப்பார்.

வேறு எங்கெங்கோ அலைந்தார். கிடைத்த ஒன்றும் பட்டறைக் கணக்கைத் தாங்கவில்லை. கார்த்திகை பிறந்தது. மகேஸ்வரன் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஹெப்ரானே ஸ்கூட்டரில் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "சும்மாதான் கெடக்கு, வீட்டுலயும் சரின்னுட்டா. அந்தப் பிள்ளைக்கே கொடுத்திரும் வே."

நேசையா அதைக் கட்டிலருகே கொண்டு வைத்தார். விஜயஸ்ரீ அதைத் திறக்கக்கூட இல்லை. "இனி இதுல நான் என்னத்தப் பாக்க? எடுத்துட்டுப் போயிருங்க ஐயா." பிறகு முகத்தை உயர்த்தி விசிறியைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பழகினது.

எப்சி வாசல்வரை வந்தாள். "டயாலிசிஸ்ல ஒரு அக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்க அண்ணாச்சி. அவங்களுக்காவது கொடுங்களேன்."

"பைய பாப்போம்" என்றார்.

அவர் கொடுக்கவில்லை. விஜயஸ்ரீக்கென்று கேட்டதை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கும் மனசு வரவில்லை. அதன்பின் எப்சி எத்தனையோ தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. வேறு கம்ப்யூட்டர் கேட்டு எந்த வீட்டுக்கும் போகவுமில்லை. அடுத்த ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எல்லாருக்கும் முன்னால் கோயிலுக்கு வந்து, அந்த லேப்டாப்பைத் துடைத்துப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, ஏலம் தொடங்குவதற்குள் எழுந்து வீட்டுக்குப் போனார்.