ஓம் மிஸ்

நிறஞ்சலா மிஸ்ஸின் காதில் ஒரு நாளில் நூறு தரமாவது விழும் சொல் ‘ஓம்’. பன்னிரண்டு வருடம் வாட்டில் நேர்ஸாக நின்ற காலத்தில் அந்தச் சொல்லில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பல்கலைக்கழகம் அவளைத் தாதிய மாணவர்களின் ஆலோசகராக எடுத்து, தீவு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வரும் இருபத்திரண்டு பிள்ளைகளையும் தலையில் கட்டிய பிறகுதான் அது அலுத்தது. பாடம் விளங்கினதோ என்றால் ஓம். படிவம் குடுத்தாச்சோ என்றால் ஓம். படிவம் அவர்களுடைய பைக்குள்ளேயே கிடக்கும்.

தலைமன்னாரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையொன்றில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டுக் கந்தோர் நடத்தினாள். ஜன்னலைத் திறந்தால் காற்று மணலோடு வந்து கடதாசிகளை அள்ளும். பூட்டினால் உள்ளே இருக்கிறவர் அவிந்துபோவார். பிள்ளைகள் பிரச்சினை தொடங்கும்போது வரமாட்டார்கள். அது முற்றிப் பழுத்த அன்றைக்குத்தான் வருவார்கள்.

அப்படி ஒரு காலையில் வந்தவள் துசாந்தினி. பெருநிலத்தில் நெல் விதைக்கிற ஊரொன்றிலிருந்து முதல்முதல் பல்கலைக்கழகம் போன பிள்ளை. கையில் ஒரு கடிதம். நோயாளி ஒருவருக்கு இன்சுலின் போட்டுவிட்டு, மருந்து அட்டையில் கையொப்பம் வைக்காமல் மறைத்தாள் என்று பயிற்சியாசிரியையின் குற்றச்சாட்டு. பத்தரைக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் பயிற்சி ரத்து. ஒரு வருடம் பின்னுக்கு.

“இப்ப மணி ஒன்பதேகால். கடிதம் வந்தது போன செவ்வாய். இவ்வளவு நாளும் எங்க பிள்ளை இருந்தனி?”

“இங்கதான் மிஸ்.”

“விளக்கம் எழுதிக் குடுத்தனியோ?”

“ஓம் மிஸ்.”

நிறஞ்சலா நகலை வாங்கிப் பார்த்தாள். நாலு வரி. நாலிலும் மன்னிப்பு. என்ன நடந்தது என்பதற்கு ஒரு சொல் இல்லை.

“இது விளக்கமோ, பாவசங்கீர்த்தனமோ? பாதர் எண்டாலும் என்ன பாவம் எண்டு கேப்பார்.”

“மேடம் கோவமா நிண்டவ. அதான் மிஸ்.” துசாந்தினிக்குக் கண் கலங்கியது.

“அழுறதெண்டால் பதினொரு மணிக்குப் பிறகு அழு. இப்ப சொல்லு. நீ ஊசி போடேல்லையோ?”

“ஓம் மிஸ்.”

“அப்ப போட்டனியோ?”

“இல்லை மிஸ். அந்த ஐயா காலமை சாப்பிடேல்லை. வெறும் வயித்தில போட்டால் சீனி இறங்கிப்போகும் எண்டு சிஸ்டரிட்டச் சொன்னனான். அவ நிப்பாட்டச் சொன்னவ.”

“பிறகேன் ஓம் எண்டனி?”

“ஓம், போடேல்லை எண்டு சொன்னனான்.”

நிறஞ்சலா பேனையை மேசையில் வைத்தாள். “மேடம் உன்னட்ட என்ன கேட்டவ? கேட்டபடியே சொல்லு.”

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாசிரியைக்குத் தமிழ் தெரியாது. ‘நீ ஊசி போடவில்லையா’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவள் ‘யெஸ் மேடம்’ என்றிருக்கிறாள். இவளுக்கு அது ‘ஓம், போடவில்லை’. கேட்டவருக்கு அது ‘போட்டேன்’.

விசாரணைக்குத் தலைவர் கலாநிதி ரிஸ்கான். எருக்கலம்பிட்டிக்காரர், வீட்டில் தமிழ்தான், ஆனால் கூட்டமென்று வந்தால் ஆங்கிலம் தவிர வேறொன்றும் வாயில் வராது. நிறஞ்சலா விளக்கினாள். நாலு வருடப் படிப்பும் ஆங்கிலத்தில்தானே, இதுவும் ஒரு சாட்டா என்றார் அவர். இரண்டாம் தரமும் விளக்கினாள். பயிற்சியாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். துசாந்தினி நிலத்தைப் பார்த்தாள். அப்போதுதான் ரிஸ்கானின் முன்னால் குடிக்காமல் ஆடை படிந்து கிடந்த தேத்தண்ணிக் கோப்பை நிறஞ்சலாவின் கண்ணில் பட்டது.

“சேர், நீங்கள் இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“யெஸ், யெஸ்,” என்றார் அவர், கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் எழும்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு நடந்தாள்.

“எங்க கொண்டுபோறீங்கள்? நான் இன்னும் குடிக்கேல்லை.” ரிஸ்கானுக்குத் தமிழ் வந்துவிட்டது.

“குடிச்சிட்டன் எண்டு இப்பதானே சேர் இங்கிலீசில சொன்னீங்கள்.”

ரிஸ்கான் கடதாசியைக் கீழே வைத்தார். பிறகு என்ன நடந்ததென்று பயிற்சியாசிரியைக்கு ஆங்கிலத்தில் சொல்லுகிற பாடு அவருடையதாயிற்று. வாட்டு சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நிறுத்தச் சொன்னது தான்தான் என்றார் சிஸ்டர். செவ்வாய்க்கிழமையே கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பார். பதினொன்றேகாலுக்குக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள்.

வெளி விறாந்தையில் துசாந்தினி, சொன்ன நேரம் தவறாமல், அழுதாள்.

“காணும் அழுதது. கேள்,” என்றாள் நிறஞ்சலா. “இனி ஆர் என்ன கேட்டாலும் முழு வசனத்தில சொல்லு. போட்டனான், இல்லாட்டிப் போடேல்லை. வெறும் ஓம் சொல்லமாட்டாய்தானே?”

“ஓம் மிஸ்.”

நிறஞ்சலா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “முழு வசனம்.”

“ஓம் மிஸ், சொல்லமாட்டன்.”