குறுக்கு ஒழுங்கையால் வந்த கணினி

மாஸ்டரை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது, ஒரு பழைய வாடகைக் காரின் பின் ஆசனத்தில், இரண்டு தலையணைகளுக்கு நடுவே தன் கணினியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த கோலம்தான். போகவேண்டிய இடம் நெல்லியடிச் சந்திக்கு அந்தப் பக்கம், இரண்டு தெரு தள்ளித்தான். "மெதுவாப் போம். றோட்டிலை பள்ளம் கிடங்கு கண்டால் நிப்பாட்டும்" என்று சாரதிக்கு ஐந்து தரம் சொல்லிவிட்டார். முன் ஆசனத்தில் கணினித் திரையைக் கட்டிப் பிடித்தபடி நான் இருந்தேன். சைக்கிளில் வந்த மற்ற மாணவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

அது தொண்ணூறாம் ஆண்டின் முற்பகுதி. உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்த காலத்தில், மாஸ்டரிடம் கணினி படிக்கப் போனேன். அவர் கணித ஆசிரியர். கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுவந்த அந்தக் கணினியின் செயலி எண்பதெண்பத்தெட்டு என்ற பழைய வகை. அது இருந்த முன்னறைக்குள் கால் கழுவிவிட்டுத்தான் போகலாம். ஒரு கணக்கைக் கொடுத்தால் திரை நெடுநேரம் சும்மா கிடக்கும். "அது யோசிக்குது. யோசிக்கிற ஆளைக் குழப்பக் கூடாது" என்பார் மாஸ்டர். நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம்.

அந்த மரியாதையை மாஸ்டரின் மச்சான் வந்து கெடுத்தார். மாஸ்டரின் மனைவியை நாங்கள் ரீச்சர் என்போம்; அவருடைய தம்பிதான் இவர். கப்பலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், இரண்டு தலைமுறை புதிய முந்நூற்றெண்பத்தாறு வகைக் கணினி ஒன்றைக் கொண்டுவந்து தானும் வகுப்புத் தொடங்கினார். வாசலில் 'பல மடங்கு வேகம்' என்று பலகை தொங்கியது. புதிதாகச் சேர நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்துத் தயங்கினார்கள். அவர்கள் அங்கே போய்விட்டால் மாஸ்டரின் வகுப்பு மூடவேண்டியதுதான். மாஸ்டருக்கோ அதைவிடப் பலகைதான் உறுத்தியது. "பல எண்டால் எத்தினை? இலக்கத்தைச் சொல்லவேணும். அளந்து பாப்பம்" என்றார். அதற்காகத்தான் அந்தக் கார்ப் பயணம்.

இரண்டு கணினிகளும் மச்சான் வீட்டு விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. இரண்டாயிரம் வரையுள்ள முதன்மை எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்; நிரலை அவரவரே எழுதவேண்டும். நேரம் பார்க்க ரீச்சர். ஒருவர் கணவர், மற்றவர் தம்பி என்பதால் அவரை இரண்டு பக்கமும் நம்பியது. "ஆர் வெண்டாலும் இரவைக்குப் புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

மாஸ்டரின் கிழட்டுக் கணினி அரை நிமிடத்தில் முடித்துவிட்டது. மச்சானின் புதுக் கணினி அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கை தட்டினோம். சேர நின்ற பிள்ளைகள் மாஸ்டர் பக்கம் நகர்ந்தார்கள். மச்சான் கணினியின் முதுகைத் தடவிப் பார்த்து, "சூடாப் போச்சுதோ தெரியேல்லை" என்றார்.

மாஸ்டர் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மச்சானின் நிரலைத் திரையில் வாசித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"தம்பி, ஒவ்வொரு எண்ணையும் அதுக்குக் கீழை உள்ள எல்லா எண்ணாலையும் பிரிக்கிறீரோ?"

"ஓம் அத்தான். ஒண்டையும் விடக் கூடாதெல்லோ."

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "கை தட்டினதைத் திருப்பி எடுங்கோ. நான் எண்ணின்ரை வர்க்கமூலம் வரைக்கும்தான் பிரிச்சனான், அதுவும் ஒற்றை எண்களாலை. தம்பியின்ரை மிசின் பெரிய றோட்டாலை சுத்தி வந்தது. என்ரை குறுக்கு ஒழுங்கையாலை வந்தது. இது போட்டியே இல்லை."

"வெண்டிட்டியள்தானே, பேசாமல் இருங்கோவன்" என்று ரீச்சர் மெதுவாகச் சொன்னார்.

மாஸ்டர் கேட்கவில்லை. தன் நிரலைத் தன் கையாலேயே புதுக் கணினியில் அடித்தார். ரீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் அது முடிந்துவிட்டது. பிறகு மச்சானின் நிரலைப் பழையதில் ஓடவிட்டார். பாலில்லாத பிளேன் ரீ வந்தது, தட்டைவடை வந்தது, இரண்டும் முடிந்தன. அது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. "பத்து மடங்குக்கு மேலை" என்று மாஸ்டர் திருப்தியோடு குறித்துக்கொண்டார். இலக்கம் கிடைத்துவிட்டது. சேர நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் மச்சான் வகுப்பில் சேர்ந்தார்கள். திரும்பி வரும்போது கார் இன்னும் மெதுவாகப் போனதுபோல எனக்கு இருந்தது.

மூன்று கிழமைக்குள் மச்சான் மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கால்கூடக் கழுவியிருந்தார். "அத்தான், அந்த ஒழுங்கை எப்பிடிப் போறதெண்டு பெடியள் கேக்கினம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நீங்கள் வந்து படிப்பிக்கவேணும்." மாஸ்டர் தலையணைகளைத் தேடத் தொடங்கினார். இரண்டு கணினிகளும் ஒரே விறாந்தைக்கு வந்தன.

ஆனி மாதம் மீண்டும் சண்டை தொடங்கி மின்சாரம் நின்றது. அதன் பிறகு இரண்டு செயலிகளின் வேகமும் சரிசமமாகிவிட்டது.

மாஸ்டர் வகுப்பை நிறுத்தவில்லை. கரும்பலகையில் நிரலை எழுதி, எங்களை இரண்டு அணியாக நிறுத்தி, எங்களையே கணினி ஆக்கினார். ஓர் அணியில் எண்ணைப் பிரித்துப் பார்க்கும் வேலை ரீச்சருக்கு, மற்றதில் மச்சானுக்கு. மாஸ்டர் தொண்ணூற்றொன்று என்று எழுதியதும், "முதன்மை எண்" என்று மச்சான் உடனே சொன்னார். ரீச்சர் விரல்விட்டு எண்ணி, சிறிது நேரம் கழித்து, "ஏழு பதின்மூண்டு தொண்ணூற்றொண்டு" என்றார்.

"எத்தினையாலை பிரிச்சுப் பாத்தனீர் தம்பி?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பிரிக்கேல்லை அத்தான். பாத்தால் அப்பிடிப்பட்ட எண் மாதிரித்தான் கிடக்கு."

மாஸ்டர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததில் ஹெலிகொப்டர் வந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. ரீச்சர்தான் கேட்டு எங்களைப் பதுங்குகுழிக்குள் இறக்கினார். உள்ளே இருட்டு. தலைக்கு மேலே சுடுகிற சத்தம். என் பக்கத்தில் மச்சான், தொண்ணூற்றொன்றை ஏழால் பிரித்து, வாய்க்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.