ஒரே எண்ணில் இன்னொருத்தி

சலவைக்கடையின் பின்னறையில் அவளுக்குப் பூனை என்று பெயர். வைத்தது உடன் வேலை செய்யும் பெண்கள்தான். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கிறாள், எப்போது வந்தாள் என்றே தெரிவதில்லை என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்துச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள். தட்டை வைக்கும் சத்தத்துக்கும், கதவு சாத்தும் சத்தத்துக்கும், ஒரு பெருமூச்சுக்கும்கூடக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்த வீட்டில் அத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அந்த நடை தானாக வந்தது. அதை அவள் யாருக்கும் விளக்கவில்லை.

அந்த வீட்டை விட்டு அவள் வந்தது ஒரு பையோடு. பெண்கள் உதவி மையத்து வக்கீலம்மா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார், புருஷன் வாங்கிக்கொடுத்த போனைத் தொடக் கூடாது, அவன் கண் அதற்குள் இருக்கும் என்று. அதனால் போனைக் குளிர்பெட்டியின் மேலேயே விட்டுவிட்டாள். ஆனால் நம்பரை விட மனசு வரவில்லை. வெளியூர் விடுதியில் தங்கி ஆய்வுக்கூட வேலைக்குப் படிக்கிற மகளுக்கு அம்மா என்றால் அந்த நம்பர்தான். ஊக்கு ஒன்றை நிமிர்த்தி, சமையலறையில் நின்றபடியே சிம்மைக் குத்தி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். ஆள் அதற்குள்தான் இருக்கிறது, மற்றது வெறும் கூடு என்றுதான் நினைத்தாள்.

புதுப் போனை வக்கீலம்மாவே ஏற்பாடு செய்தார். கடைத்தெரு முனையில் பழுதுபார்ப்பவன், எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுகிறவன், அதில் வேறொரு சிஸ்டத்தை ஏற்றிக்கொடுத்தான். யாரும் எட்டிப்பார்க்க முடியாத சிஸ்டம். அந்தப் போன் ஒரு தினுசு. எந்த ஆப்பும் சொந்தமாக உள்ளே நுழையாது. வாசலில் நின்று அனுமதி கேட்கும். கேமரா பார்க்கலாமா, மைக் கேட்கலாமா, எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளலாமா.

"எது கேட்டாலும் வேண்டாம்னு அமுக்கு. சரி சரின்னு சொல்லித்தானே இந்தக் கதிக்கு வந்த?" என்றார் வக்கீலம்மா.

அமுக்கினாள். பிறகு அந்த 'வேண்டாம்' நாக்கில் ஒட்டிய ருசி மாதிரி ஆகிவிட்டது.

அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொள்வது கிடையாது. கதவுக்குப் பின்னால் அவன் நின்று கேட்பான் என்பதால் விடுதிக்குப் போன நாள் முதல் எல்லாம் எழுத்துதான். மதியம் ஆனால் மகளிடமிருந்து 'சாப்டியாம்மா' வரும். பேச்சுக்குத்தான் காது உண்டு, எழுத்துக்கு இல்லை என்று இருவரும் நம்பியிருந்தார்கள்.

புது அறைக்கு வந்த பிறகு அந்த 'சாப்டியாம்மா' வரவில்லை. அறையைப் பார்த்துக்கொடுத்ததே மகள்தான், தன் சிநேகிதியின் சித்தி வீட்டு மாடி. அப்படிச் செய்தவள் ஏன் மௌனமானாள்? நல்லா இருக்கேன் கண்ணு என்று இவள் அனுப்பினாள். வேலை கிடைச்சிருக்கு என்று அனுப்பினாள். பதில் இல்லை. என்ன இருந்தாலும் அப்பா இல்லையா, ரத்தம் இழுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கூப்பிட்டுக் கேட்கலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? இஸ்திரி மேஜையில் அடுத்தவர் சட்டைகளின் சுருக்கங்களை நீவியபடி நின்றாள். நீராவி எழும்போது அறை சற்று நேரம் இல்லாமல் போகும். அது பிடித்திருந்தது.

ஒரு நாள் முற்பகலில், வழக்கத்தை மீறி, மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, உன் ரூம் அட்ரஸை எதுக்கு என்கிட்ட கேக்குற?"

"நான் கேக்கலையே கண்ணு."

"நேத்து கேட்டியே. மறந்துபோச்சு, வேலை செய்யற இடத்துல கேக்குறாங்கன்னு. உன் வாசல்ல போய் நின்னு பாரும்மான்னு கிண்டல்கூடப் பண்ணேன். இன்னைக்கு மறுபடி கேட்டே. அனுப்பிட்டேன். அப்புறம்தான் ஒரு மாதிரி இருந்துச்சு."

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நீ எனக்குப் பதிலே போடலையே என்றாள். மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம் என்றாள்.

"நீ அனுப்பின அட்ரஸ் போய்ச் சேர்ந்திருச்சா?"

"ஒத்தை டிக்தான் காட்டுது. ரெண்டாவது இன்னும் விழல."

முதலாளியம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு டாக்டரின் கடைக்கு ஓடினாள். அவன் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதும் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகத்திலிருந்த கிண்டல் வடிந்தது. பிறகு எளிதாகத்தான் சொன்னான். பழைய போனில் வெறும் குறுஞ்செய்தி இல்லை, நெட் வழியாகப் போகும் சாட் வசதியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வசதி நம்பரை அந்தப் போனோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அதை அணைக்காமல் சிம்மை உருவியதால் முடிச்சு அவிழவில்லை. மகள் எழுதுவதெல்லாம் அங்கேதான் போய் விழுகிறது. அதைப் படித்துவிட்டுப் புருஷன் அவளாகவே பதிலும் போடுகிறான். புதுப் போனில் அந்த வசதியே இல்லாததால் அவள் அனுப்பிய வெறும் குறுஞ்செய்திகளும் மகளிடம் அதே பெயரின் கீழ்தான் சேர்ந்திருக்கின்றன.

"சிம்மை மட்டும் மாத்தினா போதும்னு நான்தான்க்கா சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்" என்றான்.

அந்த ஒற்றை டிக்குக்கும் அவனிடம் விளக்கம் இருந்தது. சிம் இல்லாத போன், அதனால் வீட்டு வைஃபையில்தான் உயிரோடு இருக்கும். புருஷன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்க வேண்டும். அட்ரஸ் இப்போது இரண்டு போனுக்கும் நடுவில் எங்கேயோ தொங்குகிறது. அவன் வீடு திரும்பினால் அவனிடம் விழும். அதற்குள் இந்தப் போனில் சாட்டைத் தொடங்கிவிட்டால் முடிச்சு இந்தப் பக்கம் வரும், அதுவும் இங்கே வரும். மகளிடம், அழித்தால் உன் பக்கம்தான் அழியும், அப்படியே விட்டு டிக்கைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்லச் சொன்னான்.

பெரிய கம்பெனியின் மெசேஜ் ஆப்பை டாக்டரே இறக்கினான். சாட் என்ற இடத்தைத் தட்டினான். 'அமைக்கப்படுகிறது' என்று வந்தது. சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டான், சிம்மைக் கழற்றி மாட்டினான். கடைக்கு வந்த ஒருவர் சார்ஜர் விலை கேட்டார், டாக்டர் நிமிரவில்லை, அவர் முனகிக்கொண்டே போனார். வட்டம் சுற்றியது. அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். போகிற ஒவ்வொரு ஆம்பளையின் முதுகும் ஒரே முதுகாகத் தெரிந்தது.

"அக்கா, நடுவுல இது ஏதாவது கேட்டுச்சா? நீங்க ஏதாவது அமுக்குனீங்களா?"

கேட்டது. அவன் சிம்மை எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு கட்டம் எழும்பி, போன் விவரத்தைப் பார்க்கலாமா என்றது. கையோடு வேண்டாம் என்று அமுக்கியிருந்தாள்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. இந்த நம்பர் உங்களுதுன்னு அது தெரிஞ்சுக்கிட்டாத்தானே அவன்கிட்டேயிருந்து பிடுங்கும் என்று மெதுவாகச் சொல்லி, அமைப்புகளுக்குள் போய் அந்த இடத்தைத் திறந்து அவளிடமே நீட்டினான். நீங்களே அமுக்குங்க, மத்ததுக்கெல்லாம் வேண்டாமே இருக்கட்டும் என்றான்.

'அனுமதி' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். அந்த வீட்டில் கழுத்தை ஆட்டியபோதெல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அமுக்கினாள்.

வட்டம் சற்று நேரம் சுற்றிவிட்டு நின்றது. 'இணைக்கப்பட்டது' என்றது. அடுத்த நொடியே போன் அதிர்ந்து, மாடி அறையின் கதவு எண், தெருப் பெயர், பக்கத்தில் எந்தக் கடை என்பதுவரை வந்து விழுந்தது. அவளுடைய சொந்த விலாசம்தான். அதை வேறு ஒருவன் படிப்பதுபோல அவள் படித்தாள்.

'ரெண்டு டிக் விழுந்திருச்சு' என்று மகள் எழுதினாள். கூடவே, கிளாஸ்ல இருக்கேன், பேச முடியாது என்றும்.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. அதுவரை அம்மா பெயரில் வந்ததையெல்லாம் மகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். ஒவ்வொன்றாக வந்தன. அம்மா என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு பேர் இருந்தார்கள். நல்லா இருக்கேன் என்று மட்டும் சொன்னவள் இவள். மற்றவள் வாய் நிறையப் பேசினாள். சாப்டேன் கண்ணு, நீ சாப்டியா. ராத்திரி கண் முழிக்காத, முகம் வாடிரும். தலையை நல்லாத் துவட்டு, ஈரத்தோட படுத்தா மூக்கு ஒழுகும்.

அந்தக் கடைசி வரியை அவள் ஒருநாளும் எழுதியதில்லை. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது குளியலறை வாசலில் துண்டோடு நின்று சொன்னது. அப்போது அவன் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருப்பான். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொண்டதில்லை. குறை பிடிக்க அல்லாமல் அவன் தன்னைக் கவனிப்பதே இல்லை என்று அவள் வருஷக்கணக்கில் ஏங்கியிருக்கிறாள். அவனோ ஒரு சொல் சிந்தாமல் கேட்டு வைத்திருக்கிறான்.

'நீ அங்கேருந்து போனப்புறம் அவ்வளவு ஆசையா பேசினியேம்மா. நிம்மதியாயிட்டேன்னு நெனச்சேன்' என்று மகள் எழுதினாள். பிறகு மூன்று புள்ளிகள் எழும்பின, மறைந்தன, மறுபடி எழும்பின.

'இப்ப இருக்கிறது நீதானே?'

நான்தான் கண்ணு என்று அடித்தாள். கண்ணு என்பதை அழித்தாள். பிறகு நான்தான் என்பதையும் அழித்தாள். அவனும் அப்படித்தான் எழுதியிருப்பான். மகளுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொன்னால் போதும். டாக்டரின் கடையில், உயிர் போன போன்கள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால், விரலைத் திரையின் மேல் தூக்கிப் பிடித்தபடி, அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மகளிடம் சொன்னது ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டு நின்றாள்.