அண்ணி புகை பிடித்த ஞாயிற்றுக்கிழமை

என் அண்ணிக்கு ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் பார்க்கிற வேலை. ஊசி குத்தினால் குத்தினதே தெரியாது என்று குழந்தைகள்கூடச் சொல்லும். வீட்டில் பேச்சு குறைவு. கல்யாணமாகி வந்த புதிதில் உப்பு டப்பா, சர்க்கரை டப்பா எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டித் திறந்த தேதியும் எழுதி வைத்தார். நாக்கு எதற்கு இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, மூடி மாறிவிடக் கூடாதென்று மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டினார்.

அண்ணனும் நானும் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறோம். சுக்கான் அண்ணன் கையில், இன்ஜின் என் கையில். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், பத்துக் குதிரை சக்தி. இக்கரையில் வீடுகள் மட்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் அக்கரையில். பாலத்தைச் சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அண்ணியும் தினம் எங்கள் படகில்தான் வேலைக்குப் போவார்.

அந்த வருஷம் இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. இரண்டு நாள் படகை நிறுத்திவிட்டுப் பிரித்தேன். பிஸ்டன் ரிங் புதிது, சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் தடுக்கிற கேஸ்கெட் புதிது. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிப் பளபளவென்று துடைத்து, புது வாஷர் போட்டு மாட்டினேன். எனக்கு என் கைமேல் பெரிய நம்பிக்கை.

மூன்றாம் நாள் காலையில் ஹேண்டிலைச் சுற்றினேன். நாலு சுற்றில் பிடிக்கிற இன்ஜின், தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆன பிறகுதான் பிடித்தது. பிடித்ததும் புகைக்குழாயிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. கண்ணைக் கரித்தது. சூடானால் சரியாகிவிடும் என்று எல்லாரிடமும் சொன்னேன். சூடான பிறகு வெள்ளை கொஞ்சம் சாம்பலானதுதான் மிச்சம். நடு ஆற்றில் வேகம் வரவில்லை. பயணிகள் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சந்தைக்குப் போகிற ஒருவர் படகுக்குச் ‘சுருட்டு’ என்று பெயர் வைத்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு கரையிலும் அதுவே பெயராகிவிட்டது. “சுருட்டு வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் துறைக்கு வந்தார்கள்.

எனக்கு மானம் போயிற்று. மறுபடி ஹெட்டைக் கழற்றினேன். வாங்கி நாலு நாள்கூட ஆகாத கேஸ்கெட்டை எறிந்துவிட்டு வேறு போட்டேன். தொட்டியிலிருந்த டீசலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். ஏர் ஃபில்டரை மாற்றினேன். டீசல் பீய்ச்சுகிற நேரத்தை, அந்த டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன், கடைசியில் பழைய குறியிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். நாசில் பக்கம் மட்டும் போகவே இல்லை. அதைத்தான் நானே துடைத்து மாட்டியாயிற்றே. சனிக்கிழமை சாப்பிடும்போது அண்ணி இதையெல்லாம் வரிசையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

“தம்பி, ஒரே நேரத்துல அஞ்சு மாத்திரை கொடுத்தா, எது கேட்டுச்சு எது கேக்கலன்னு எப்படித் தெரியும்?”

இரத்தம் வேறு, இன்ஜின் வேறு என்று நான் வெடுக்கென்று சொன்னேன். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். “நாளைக்கு அவளுக்கு லீவுதான். வந்து பாக்கட்டுமே. உன் இன்ஜின் தேஞ்சா போயிடும்?” என்றார்.

ஞாயிறு காலை அண்ணி துறைக்கு வந்தார். கையில் இரத்தச் சொட்டு வைத்துப் பார்க்கிற, லேபில் ஒதுக்கிப் போட்ட கண்ணாடிச் சில்லுகள் ஒரு பெட்டி, ஒரு இடுக்கி, ஒரு பென்சில். இன்ஜினைச் சுற்றி வந்துவிட்டு, இதற்குள் நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

நெருப்பே கிடையாது, பொறியும் கிடையாது என்று சொன்னேன். பிஸ்டன் காற்றை அமுக்குகிறது. அமுக்கின காற்று தானாகவே பழுக்கக் காய்கிறது. அந்த நேரம் பார்த்து நாசில் ஒரு சொட்டு டீசலைப் பீய்ச்சினால் அது பற்றிக்கொள்கிறது. அவ்வளவுதான் என்றேன். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போன விஷயம். அண்ணி மட்டும் அப்படியே நின்றுவிட்டார். நிமிஷத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டார். எழுநூற்றைம்பது என்றேன்.

“எழுநூத்தம்பது தடவையும் தவறாமப் பத்திக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோயிலில் நிற்கிறவர் குரல் மாதிரி இருந்தது. எனக்கே அந்த இரும்பைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

பிறகு வேலையை ஆரம்பித்தார். முதலில் புகையைப் பிடிக்கவில்லை. மூன்று சில்லுகளில் ஆற்றுத் தண்ணீர், டீசல், இன்ஜின் ஆயில் ஒவ்வொரு சொட்டு வைத்து, ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதிப் பலகைமேல் வரிசையாக அடுக்கினார். தெரிந்ததை முதலில் பார்த்துவிட்டால் தெரியாததைக் கண்டுபிடிக்கலாம் என்றார். அப்புறம் இன்ஜினை ஓடவிடச் சொன்னார். நான் மூச்சு வாங்க ஹேண்டிலைச் சுற்றினேன். புகை வந்தது. இடுக்கியில் சில்லைப் பிடித்துக் குழாய்க்கு நேரே காட்டினார். முதல் சில்லு சூட்டில் படக்கென்று உடைந்தது. அடுத்ததை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். ஓடத் தொடங்கியதும் ஒன்று, ஐந்து நிமிஷம் கழித்து ஒன்று, நன்றாகச் சூடான பிறகு ஒன்று.

மூன்றையும் வெயிலில் வைத்துக் காத்திருந்தார். புகை தண்ணீராக இருந்தால் காய்ந்து மறைந்துவிடும், அப்போது கேஸ்கெட்டில் கசிவு; ஆயிலாக இருந்தால் ரிங்கில் குற்றம். இவை காயவில்லை. சில்லைச் சாய்த்தார். ஆயில் சொட்டு நகர யோசித்தது. புகையில் பிடித்தது சரசரவென்று வழிந்து ஓடியது, பக்கத்திலிருந்த டீசல் சொட்டைப் போலவே. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார். பச்சை டீசல் வாடை.

“உள்ள போற டீசல்ல ஒரு பங்கு எரியாமலே வெளிய வருது” என்றார்.

நான் இரண்டு தடவை மாற்றின கேஸ்கெட்டும், புது ரிங்கும் அந்த ஒரு சில்லில் குற்றமில்லாமல் விடுதலையாகிவிட்டன.

காற்று போதுமான அளவு அமுங்குகிறதா என்று கேட்டார். ஹேண்டிலை மெதுவாகச் சுற்றிக் காட்டினேன். அமுங்கின காற்று என் கையை ஆளோடு சேர்த்துப் பின்னால் தள்ளியது. டைமிங் குறியும் சரியாகவே நின்றது. மிச்சம் நாசில். அது பீய்ச்சுகிறதைப் பார்க்க முடியுமா என்றார்.

நாசிலைக் கழற்றி, வாஷரோடு வெளியே எடுத்து, டீசல் குழாயில் மாட்டி வானத்தைப் பார்க்க நிறுத்தினேன். அண்ணியிடம் கையைத் தள்ளி வைக்கச் சொன்னேன், அந்த வேகம் தோலைத் துளைத்துவிடும். ஹேண்டிலைச் சுற்றினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். நாசில் நுனியில் நாலு பக்கமும் சன்னமான பனி விரிந்தது. வெயில் பட்டதும் அது ஒரு கணம் மின்னி, இல்லாமல் போயிற்று. மறுபடி டிக், மறுபடி பனி. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அண்ணன் சுக்கானை விட்டுவிட்டு வந்து நின்றார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் எதற்காகச் சுற்றுகிறோம் என்பதையே மறந்துவிட்டோம்.

நாசில் நல்ல நாசில். அப்படியானால் எதிலும் குற்றமில்லை, புகை மட்டும் வருகிறது. நான் கைவிட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். அண்ணி உட்காரவில்லை. முதல் நாள் கழற்றின பழைய சாமான்கள் எங்கே என்று கேட்டார். சாக்கில் கட்டிப் போட்டிருந்தேன். அதைப் பலகையில் கொட்டி, புதுச் சாமான் வந்த காலி உறைகளை ஒரு பக்கமும் பழசை எதிர்ப்பக்கமுமாக ஜோடி சேர்த்தார். ரிங் உறைகளுக்கு எதிரே பழைய ரிங்குகள். கேஸ்கெட் உறைக்கு எதிரே பழைய கேஸ்கெட். கடைசியில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சின்ன உறை தனியாக நின்றது. நாசிலுக்கு அடியில் போடுகிற செம்பு வாஷரின் உறை. எதிரே எதுவும் இல்லை.

“புதுசு ஒண்ணு உள்ள போயிருக்கு. பழசு வெளிய வரலையே, தம்பி.”

டார்ச்சையும் பல் டாக்டர் கண்ணாடி ஒன்றையும் கொண்டு நாசில் குழிக்குள் பார்த்தேன். அடியில் கரி. கம்பியால் கரியைச் சுரண்டினேன். உள்ளே செம்பின் சிவப்பு தெரிந்தது. பழைய வாஷர் கரியோடு கரியாகக் குழியின் அடியில் ஒட்டிக்கொண்டு, அதுவும் இன்ஜினில் ஒரு பாகம் போலவே உட்கார்ந்திருந்தது. அதன் மேலேதான் நான் புது வாஷரை வைத்து நாசிலை இறுக்கியிருந்தேன். நாசில் ஒரு வாஷர் கனம் மேலே ஏறிவிட்டது. அவ்வளவு அழகான பனி பிஸ்டன் தலையிலுள்ள குழியில் விழாமல் ஹெட்டின் சுவரில் பட்டு, எரியாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஹெட்டைக் கழற்றின அன்றைக்குத் திருப்பிப் பார்த்திருந்தால் நாசில் மூக்கு வெளியே நீட்டாமல் உள்ளடங்கியிருந்தது தெரிந்திருக்கும். நான் திருப்பவே இல்லை.

கம்பி நுனியை வளைத்து, கிரீஸ் தடவி, வாஷரை மெல்லத் தூக்கினேன். குழியைத் துடைத்தேன். நாசில் இல்லாமலே ஹேண்டிலை நாலு சுற்று சுற்றி, விழுந்த தூளை வெளியே ஊதித் தள்ளினேன். ஒரே ஒரு வாஷரோடு நாசிலை மாட்டினேன். நான் வேறு எதையும் தொட்டுவிடக் கூடாதென்று அண்ணி பக்கத்திலேயே நின்றார்.

மூன்றாம் சுற்றில் பிடித்தது. ஒரு கொத்து வெள்ளைப் புகை வந்தது. அடுத்த நிமிஷம் அது மெலிந்து நின்றது. அண்ணி புதுச் சில்லைக் காட்டி, வெயிலில் தூக்கிப் பார்த்தார். லேசாகத் தண்ணீர் பூத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் காய்ந்துவிட்டது.

சும்மா ஓடுவது வேறு, சுமையில் ஓடுவது வேறு என்று சொன்னேன். அண்ணன் கயிற்றை அவிழ்த்தார். அன்றைக்குப் பயணி அண்ணி ஒருவர்தான். அவர் பலகையில் உட்காராமல் என் பக்கத்தில் இன்ஜினோடு நின்றார். நடு ஆற்றில் நீரோட்டம் இழுக்கிற இடத்தில் முழு வேகம் கொடுத்தேன். குழாயின் வாயில் காற்று மட்டும் நடுங்கியது. அதற்குப் பின்னால் அக்கரை மரங்களும் நடுங்கித் தெரிந்தன. வேறெதுவும் இல்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்பா, பாராட்டா என்று தெரியவில்லை. கடைசியில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

“நான் எங்க கண்டுபிடிச்சேன்? நீங்க சொல்லித்தானே எனக்கு இன்ஜின் தெரியும்” என்றார். அடக்கத்துக்காகச் சொன்னதல்ல, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அவர் கண் இன்னும் குழாய்மேலேயே இருந்தது.

அக்கரை வந்தது. இறங்க ஆள் இல்லை. அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொரு தடவை போலாமா?”

அண்ணன் சுக்கானைத் திருப்பினார்.